பாவுக்கு ஆகாத காற்று

கணினி சூடாகிறது என்று வாடிக்கையாளர் சொன்னதும் புதுப் பொறியாளர்களான உங்களில் பலர் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். இன்னொரு விசிறியை மாட்டுவீர்கள். அது போதவில்லை என்றால் நீல விளக்கு எரியும் விசிறி. பெட்டி திருவிழாத் தேர் மாதிரி ஜொலிக்கும், உள்ளே வெப்பம் அப்படியே இருக்கும். விசிறி காற்றை உண்டாக்குவதில்லை, இருக்கிற காற்றை நகர்த்துகிறது, அவ்வளவுதான் என்று பயிற்சி வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். தேர்வு முடிந்ததும் மறந்துபோகிறது. குறையாகச் சொல்லவில்லை. எங்கள் காலத்தில் தேர்வுக்கு முன்பே மறந்துவிட்டோம்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த எண்பதுகளில் மேசைக் கணினிக்கு ஒரே ஒரு விசிறிதான் இருந்தது. மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு பின்பக்கமாக ஊதும். முன்பக்கக் கீற்றுகள் வழியாகக் காற்று நுழைந்து, பலகைகளின் மேல் தவழ்ந்து, பின்னால் வெளியேற வேண்டும். நுழையும் வழி, போகும் வழி இரண்டில் எது அடைபட்டாலும் உள்ளே சில்லுகள் வேகும். வெந்து, ஆறி, மறுபடி வெந்து, தங்கள் குழிகளிலிருந்து மெல்ல மேலே எழும்பும். பெட்டியைத் திறந்து கட்டைவிரலால் அவற்றை அமுக்கிவிட்டு, "சரி பண்ணியாச்சு" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு ரயில் ஏறுவது அந்தக் கால சேவைப் பொறியாளரின் தலையாய திறமை. எனக்கும் அதில் நல்ல தேர்ச்சி உண்டு.

எங்கள் மேலாளர் ஒருவர் இருந்தார். வாடிக்கையாளரின் அலுவலகத்துக்குள் நுழைந்தால் இயந்திரத்தின் முகத்தைப் பார்க்கவே மாட்டார். நேராகப் பின்னால் போய் உள்ளங்கையை நீட்டுவார். சூடான காற்று கையில் பட்டால் தலையை ஆட்டுவார். படவில்லை என்றால் அறையில் இருக்கிற ஒவ்வொருவரையும் நகைக்கடையில் நகை காணாமல் போனது மாதிரி பார்ப்பார். "முன்னாடி உட்காந்திருக்கிறவங்களைக் கேள்வி கேக்காதே. பின்னாடி யார் நடமாடறாங்கன்னு பாரு" என்பது அவருடைய உபதேசம். கேட்டுவிட்டு நாங்கள் தேநீர்க் கடையில் அவரைப்போல் நடித்துக் காட்டுவோம்.

இனி திருத்தணி.

எண்பதுகளின் கடைசியில் அங்கே ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு எங்கள் நிறுவனம் ஒரு கணினி விற்றது. நூல் இருப்புக் கணக்குக்காக வாங்கினார்கள். காலையெல்லாம் நன்றாக ஓடும், மத்தியானம் ஆனால் அசையாமல் நின்றுவிடும். திரையில் எழுத்துகள் உறைந்துபோகும். சாயங்காலம் அணைத்துவிட்டு மறுநாள் போட்டால் ஒன்றும் நடக்காதது மாதிரி ஓடும். எங்கள் ஆட்கள் பலமுறை போய்ப் பார்த்தார்கள். பலகை மாற்றினார்கள், சில்லு அமுக்கினார்கள், மின்னழுத்தம் சரியில்லை என்று ஸ்டெபிலைசர் வாங்க வைத்தார்கள். நடைமுறை நூலில் இருந்த அத்தனையும் செய்து முடித்த பிறகு, அந்த நூலின் கடைசிப் பக்கத்துக்கு வந்தார்கள். அதில் இருந்தது ஒரே வார்த்தை: ஆபரேட்டர்.

ஆபரேட்டர் என்றால் அமுதா. பி.காம். முடித்து, அரக்கோணத்தில் கணினி படித்துவிட்டு வந்த பெண். தற்காலிக வேலை. நிரந்தரம் ஆக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று சங்கத்தின் இயக்குநர்கள் கூடி முடிவு செய்யவிருந்த நாளில்தான் என்னை அனுப்பினார்கள். கிளம்பும்போது எங்கள் விற்பனைப் பிரிவுத் தலைவர் என் தோளில் கை போட்டார். அவர் அப்படிச் செய்தால் ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்று பொருள். "மிஷின் நல்லா இருக்கு, ஆபரேட்டருக்குத்தான் கையாளத் தெரியலைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடு. இல்லாட்டி மிஷினைத் திருப்பி அனுப்பிடுவாங்க" என்றார்.

திருத்தணியில் இறங்கியதும் வெயில் அடித்த அடியில் ஊர் முழுக்க அப்பளம் மாதிரி இருந்தது. மலையில் மொட்டை போட்டு, தலையில் சந்தனம் பூசிக்கொண்டு கும்பல் கும்பலாக இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். அந்த ஊரில் மனிதத் தலைகளுக்கு இருந்த குளிரூட்டும் ஏற்பாடு எங்கள் இயந்திரத்துக்கு இல்லை என்பதை நான் அப்போது அறியவில்லை.

சங்கத்தின் விற்பனை நிலையம் கடைத்தெருவில் இருந்தது. தெருவைப் பார்த்த கண்ணாடிக்குப் பின்னால் ஒரு நீள அறை. அதன் ஒரு பக்கம், தரையில் தோண்டிய குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்கிற குழித்தறி, அதை ஒட்டினாற்போல் ஒரு மேசையில் எங்கள் கணினி. பக்தர்கள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர் கண்ணாடியைத் தட்டி, "இது ஜாதகம் பாக்குமா?" என்று கேட்டார். அமுதா தலை நிமிராமலே இல்லை என்று கையசைத்தாள். நாள் முழுக்க அசைத்துப் பழகிய கை என்று தெரிந்தது.

சங்கத் தலைவர் ஏகாம்பரம் வெள்ளைச் சட்டையில் வந்து நின்றார். ஊரே அவரை நைனா என்றுதான் கூப்பிடும்.

"எப்டி சார் ஐடியா? இந்தப் பக்கம் எங்க தாத்தா காலம், அந்தப் பக்கம் எம்பேரன் காலம். பெரிய ஆபீசருங்கல்லாம் வந்து பாத்துட்டு அசந்துபூட்டாங்க."

"நீங்க சொன்ன ஏற்பாடா?"

"ஆங். வேற யாருக்கு இது தோணும்?"

அறையில் மின்விசிறி இல்லை. ஜன்னல்களில் நனைத்த கோணிச் சாக்கு தொங்கியது. மண் தரையில் தண்ணீர் தெளித்திருந்தது. நான் நின்ற இடத்திலேயே வேர்த்து வழிந்தேன்.

"ஒரு ஃபேனாவது போடக் கூடாதுங்களா?"

நைனா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஃபேனா? தறியில பாவு கட்டிக் கீது சார். காத்து பட்டா கஞ்சி காஞ்சிபோயி நூலு பொட்டுப்பொட்டுனு அறுந்துபூடும்." பாவு என்றால் கஞ்சி போட்டு, தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருக்கும் நூல். அதற்கு ஈரம் வேண்டும், காற்று ஆகாது. தறிக்காரர்கள் வீட்டில் பிறந்த எவருக்கும் இது தெரியும். எங்கள் நடைமுறை நூலை எழுதியவர் தறிக்காரர் வீட்டில் பிறக்கவில்லை.

நைனா குரலைத் தாழ்த்தினார். "மத்தியானம் மீட்டிங்கு. நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும். அந்தப் பொண்ணுக்குக் கை சரியில்ல, அவ்ளோதான. உங்களுக்கும் தொல்ல இல்ல, எனக்கும் தொல்ல இல்ல."

எங்கள் அலுவலகம் கேட்ட அதே வார்த்தை. இரண்டு முதலாளிகளுக்கு ஒரே பதில் போதும் என்ற சௌகரியம் வாழ்க்கையில் அடிக்கடி கிடைக்காது. அப்படிக் கிடைத்தால் நீங்கள் உடனே பயப்பட வேண்டும்.

நான் பெட்டியின் பின்னால் போய், மேலாளரை மனதில் திட்டிக்கொண்டே உள்ளங்கையை நீட்டினேன். சூடான காற்று தாராளமாகப் பட்டது. திறந்து பார்த்தேன். கொஞ்சம் பஞ்சுத் தூசி, அவ்வளவுதான். சோதனை ஃபிளாப்பியைப் போட்டு ஓட்டினேன். எல்லாம் சரி என்று இயந்திரம் சத்தியம் செய்தது.

"நீங்கல்லாம் வந்தா ஒழுங்கா ஓடுதுங்க சார்" என்றாள் அமுதா. "டாக்டரப் பாத்த கொழந்த மாதிரி."

"மத்தியானம் என்னம்மா ஆகுது?"

அவள் திரையைப் பார்த்தபடியே இருந்தாள். "இருந்து பாருங்க சார். இங்கியே சாப்ட்டுட்டுப் போங்க. நான் சாப்பாடு கொண்டாந்திருக்கேன்."

"பரவாயில்லம்மா, பன்னிரண்டரை ரயிலைப் பிடிச்சா..."

"சாப்ட்டுட்டுப் போங்க சார்."

இரண்டாவது முறை சொன்னபோது அந்தக் குரலில் உபசாரம் இல்லை என்பதை ஒரு புத்திசாலி கவனித்திருப்பான். நான் கவனித்தது அடுக்குப் பாத்திரத்தின் மூடி இடுக்கில் வந்த காராமணிக் குழம்பின் வாசனையை. உட்கார்ந்துவிட்டேன். என் தொழில் வாழ்க்கையில் நான் எடுத்த மிகச் சிறந்த முடிவு வயிற்றிலிருந்து வந்தது என்பதை இந்த இடத்தில் பதிவு செய்கிறேன்.

சாப்பிட்டுக் கை கழுவி வந்தபோது தறியை ஓட்டும் வரதன் வந்தார். நைனாவின் அக்கா வீட்டுக்காரர். நைனாவுக்குப் பாவா, ஆகையால் சங்கத்தில் எல்லோருக்கும் பாவா. காலையில் வீட்டில் சொந்தத் தறி. மலையிலிருந்து கூட்டம் இறங்கும் மத்தியான வேளையில் இங்கே கண்காட்சித் தறி.

அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு வீட்டில் விளக்கேற்றுகிற பெண்மணியின் நிதானத்தோடு அறையைச் சுற்றி வந்தார். ஜன்னல் சாக்கை இழுத்துவிட்டார். கதவின் அடியில் ஒரு துணிச் சுருளை உதைத்துத் தள்ளினார். கணினிக்குப் பின்னால் வந்தார். இடுப்பு மடியிலிருந்து ஒரு பெரிய உருண்டை கழிவு நூலை எடுத்து, விசிறியின் துளைகள் மேல் வைத்து, நான்கு பக்கமும் விரலால் செருகி, ஒரு தட்டுத் தட்டினார். பானைக்கு மூடி போடுகிற மாதிரி. பிறகு குழியில் இறங்கித் தறியை ஓட்டத் தொடங்கினார்.

நான் தறியின் அருகே போய்க் குனிந்தேன்.

"ஐயா, அது என்னங்க?"

"எது?"

"பின்னாடி அடைச்சீங்களே."

"காத்து வருது சார் அதுல. அனல் காத்து. நேரா எம்பாவு மேல அடிக்கிது. இந்த ஓரத்து இழையெல்லாம் அறுந்துகினே கீது."

"அடைச்சா மிஷின் நின்னுடுமே."

"நின்னா நிக்கட்டும். ஆபீஸ் மிஷினு, நின்னா அதுக்கும் சம்பளம், ஓடுனா அதுக்கும் சம்பளம். எந்நூலு அறுந்தா உன் கம்ப்யூட்டரா வந்து முடிச்சுப் போடும்?"

நியாயமான கேள்வி. இன்றுவரை எந்த நிறுவனமும் அதற்கு விடை கண்டுபிடிக்கவில்லை.

"சாயங்காலம் எடுத்துடுவீங்களா?"

"பின்ன? சங்கத்து நூலு. போட்டுட்டுப் போவேனா?"

ஆக, காலை ரயிலில் வந்து மத்தியான ரயிலில் திரும்பிய எங்கள் படித்த கூட்டம் அத்தனைக்கும் அந்தப் பின்பக்கம் திறந்த வீடாகவே காட்சியளித்திருக்கிறது. நான் அமுதாவைப் பார்த்தேன். அவள் விசைப்பலகையை மிகுந்த அக்கறையோடு துடைத்துக்கொண்டிருந்தாள். இயக்குநர்கள் வந்து சேர்வதற்குள் திரை உறைந்துவிட்டது.

கூட்டம் அந்த அறையிலேயே நடந்தது, இயந்திரத்தை நேரில் பார்த்துத் தீர்ப்புச் சொல்லலாம் என்று. பெரியவர்கள் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள். அமுதா மேசை ஓரத்தில். பாவா குழிக்குள், தறியை நிறுத்தாமல்.

"பாத்தீங்களா, நின்னுபூச்சி" என்றார் நைனா, ஏறக்குறைய சந்தோஷமாக. "இன்ஜினியர் சாரு காலையிலேர்ந்து பாத்துட்டாரு. சொல்லுங்க சார், தப்பு எங்க?"

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். என் நிலைமையில் உங்களை வைத்துப் பாருங்கள். பாவாதான் அடைத்தார் என்று சொன்னால் தலைவரின் அக்கா குடும்பத்தை இயக்குநர்கள் முன்னால் இழுத்தவன் ஆவேன். கணினி அன்றைக்கே ரயில் ஏறும், அந்தப் பெண்ணும் வீட்டுக்குப் போவாள். இயந்திரம் பழுது என்றால் புது இயந்திரம் வரும், அதற்கும் ஒரு நூல் உருண்டை காத்திருக்கும். மூன்றாவது வார்த்தை எல்லோருக்கும் பிடித்தமானது, ஒருத்தியைத் தவிர.

எந்த வார்த்தையும் சொல்லாமல் இருக்க முடியுமா என்று பார்த்தேன். சுவரில் சாமி படத்துக்குக் கீழே ஊதுபத்திக் கட்டு இருந்தது. ஒன்றை உருவிக் கொளுத்தி, கணினியின் முன்பக்கக் கீற்றுக்கு அருகே பிடித்தேன். புகை நேராக மேலே போனது.

"பூஜையா?" என்றார் ஒரு இயக்குநர்.

"மூச்சுப் பாக்கறேங்க. உள்ள போகலை பாருங்க." பின்னால் போய் நூல் உருண்டையை உருவி மேசைமேல் வைத்தேன். விசிறி ஒரு பெருமூச்சு விட்டது. மறுபடி ஊதுபத்தியைப் பிடித்தேன். புகை வளைந்தது, கீற்றுக்குள் நுழைந்து மறைந்தது. கொஞ்சத்தில் பின்பக்கத் துளைகள் வழியாக வெளியே வந்து தறியின் மேல் பரவியது. கேள்வி கேட்ட இயக்குநருக்குக் கை தானாகக் குவிந்தது. பாதியில் நினைவு வந்து மூக்கைச் சொறிந்துகொண்டார்.

"இந்த மிஷினுக்கு முன்னாடி மூக்கு, பின்னாடி வாய். வாயைப் பொத்தினா மயங்கிடுது" என்றேன்.

"யார்ரா பொத்துனது?" என்றார் நைனா.

தறி நின்றது. "நாந்தான்" என்றார் பாவா குழிக்குள்ளிருந்து. "தெனம் பொத்தறேன். இன்னா இப்ப?"

வெளியே மொட்டைத் தலைகள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தன. உள்ளே இயக்குநர்கள் நைனாவைப் பார்த்தார்கள். அக்கா வீட்டுக்காரரை ஊரார் முன்னால் ஒரு வார்த்தை சொல்ல நைனாவால் முடியாது. தறியையும் கணினியையும் ஒரே அறையில் வைத்தது தன்னுடைய மகத்தான யோசனை என்று ஒப்புக்கொள்ளவும் முடியாது. அந்தக் கோபம் போக ஒரு வழி தேடியது. அடைபட்ட காற்று எப்போதும் இளக்கமான பக்கம்தான் பிய்த்துக்கொண்டு போகும்.

"ஏம்மா" என்று அமுதாவின் பக்கம் திரும்பினார். "நீ இங்கியேதான குந்திகினு கீற? உனுக்குத் தெரியாதா? வாயில இன்னா கொழுக்கட்டையா?"

அவள் துடைக்கும் துணியை மேசைமேல் வைத்தாள். தெரியும் என்றால் மறைத்த குற்றம், தெரியாது என்றால் கவனிக்காத குற்றம். வாயைத் திறந்தாள்.

"அவங்களைக் கேக்காதீங்க. தப்பு எங்க கம்பெனியுது" என்றேன்.

அது உண்மையும்கூட. எங்கள் நடைமுறை நூல் எனக்குத் தலைகீழ்ப் பாடம். இயந்திரத்தை வைக்கும் அறையை எங்கள் ஆள் நேரில் பார்த்து, காற்றோட்டம் போதும் என்று ஒப்புதல் தர வேண்டும். இல்லாவிட்டால் பொறுப்பு எங்களுடையது. பார்க்க வந்த விற்பனைக்காரர் நேராக மலைக்குப் போய், தரிசனம் முடித்து, மொட்டையோடும் பிரசாதத்தோடும் ஒப்புதலையும் அலுவலகத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார் என்பது எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. மொட்டையை விட்டுவிட்டு மிச்சத்தைச் சொன்னேன்.

"தறிக்குக் காத்து ஆகாதுன்னு நாங்க கேட்டுத் தெரிஞ்சிருக்கணும். மிஷினுக்குக் காத்து வேணும்னு உங்களுக்குச் சொல்லியிருக்கணும். ரெண்டும் செய்யலை. அறை எதுன்னு நாங்க சொல்லாதப்ப நீங்க என்ன பண்ணுவீங்க?"

நடைமுறைகளை மனப்பாடம் செய்யுங்கள் என்று நான் உங்களை நச்சரிப்பது அவற்றைப் பின்பற்றுவதற்காக மட்டுமல்ல. ஒரு நாள் ஒருவர் மேல் விழப்போகிற அடியை வேறு பக்கம் திருப்பிவிட வேண்டியிருக்கும். அன்றைக்கு எந்த விதி எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

நைனாவின் தோள்கள் இறங்கின. "அதான பாத்தேன்" என்றார் இயக்குநர்களைப் பார்த்து. "கம்பெனிக்காரங்க சொல்லாம நாம எப்டி..." பிறகு அமுதாவிடம், வேறு யாரோ திட்டியதைத் தானே சமாதானம் செய்பவர் மாதிரி, "நீ உக்காரும்மா, உம்மேல ஒண்ணுமில்ல" என்றார். என்னிடம், "இப்ப எங்கதான் வெக்கிறது?" என்றார்.

எதிரெதிரே ஜன்னலும் மின்விசிறியும் உள்ள அறை அந்தக் கட்டடத்தில் ஒன்றே ஒன்றுதான். வந்ததும் அதில் உட்கார்ந்துதான் மோர் குடித்திருந்தேன். எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை. நானும் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு நாளைக்கு ஒரு வீரம் போதும்.

குழிக்குள்ளிருந்து குரல் வந்தது. "உன் ரூம்புலதான் தலைவரே காத்து பிச்சிகினு போவுது."

இயக்குநர்கள் சிரிக்காமல் இருக்க என்னென்னவோ செய்தார்கள். ஒருவர் இருமினார், ஒருவர் தறியைக் குனிந்து ஆராய்ந்தார்.

"சர்தான் பாவா" என்றார் நைனா கடைசியில். "உந்தறிக்காவத்தான் பண்றேன்."

கணினி தலைவர் அறைக்குப் போனது. தலைவர் அறையை விட்டுப் போகவில்லை. மின்விசிறியை விட்டுக்கொடுக்கிற அளவுக்கு அவர் பெரிய மனிதர் இல்லை. மேசையைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டு அங்கேயே இருந்தார். அதன் பிறகு அந்த இயந்திரம் மத்தியானத்தில் நின்றதாகத் தகவல் இல்லை. மத்தியானத்தில் அந்த அறையில் அசையாமல் போனது நைனா மட்டும்தான், நாற்காலியில் சாய்ந்தபடி. அமுதாவை அந்தக் கூட்டத்திலேயே நிரந்தரம் ஆக்கினார்கள்.

அலுவலகத்தில் விற்பனைப் பிரிவுத் தலைவர் என்னிடம் விளக்கம் கேட்டார். ஒரு வார்த்தை சொல்லச் சொன்னால் கம்பெனியையே தூக்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாயே என்று. அந்த வருடம் எனக்கு வர வேண்டிய பதவி உயர்வு ரயிலைத் தவறவிட்டது. உள்ளங்கை மேலாளர் மட்டும் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"பின்னாடி கை வெச்சுப் பாத்தியா?"

"பாத்தேன் சார். காலையில."

"காலையில" என்று திருப்பிச் சொன்னார், அவ்வளவுதான். இன்றைக்கும் சில நாள் அந்தக் குரல் காதில் கேட்கிறது.

கிளம்பும்போது நடந்ததைச் சொல்ல விட்டுப்போனது. சாயங்கால ரயிலுக்கு நான் படி இறங்கியபோது அமுதா வாசலில் பாத்திரத்தை அடுக்கிக்கொண்டிருந்தாள். பெரிய அடுக்கு. ஒரு ஆள் சாப்பாட்டுக்கு அவ்வளவு பெரியது வேண்டியதில்லை.

"உனக்கு முன்னாடியே தெரியும்தானே?"

"ஆங்."

"முன்னாடி வந்தவங்ககிட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா, யாரு சொன்னாங்கன்னு ஆவும் சார். நீங்க பாத்தா, நீங்க பாத்ததுதான்." கடைசிப் பாத்திரத்தை வைத்துக் கம்பியை மாட்டினாள். "அவங்க வந்தப்பல்லாம் ரெண்டாளுக்குத்தான் கொண்டாந்தேன். சாப்ட்டுட்டுப் போங்கன்னு ரெண்டு வாட்டி சொல்லிப் பாத்தேன். ரயிலுக்கு டயமாச்சுன்னு ஓடிட்டாங்க. நான்தான் திருப்பி எடுத்துனு போவேன்."

குழம்பு நன்றாக இருந்தது என்றேன்.

"இன்னிக்கி உப்பு தூக்கல் சார்" என்றாள். "மீட்டிங்க நெனச்சுனே ரெண்டு வாட்டி போட்டுட்டேன்."